தாத்தாவின் பட்டாளக் கோப்பு

போன சனிக்கிழமை காலை. வெள்ளவத்தை சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"மிஸ், நீங்க தானே பேப்பர்ல எழுதுறவ?"

திரும்பினேன். கையில் பை, முகம் நிறையச் சிரிப்பு. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற ஒரு வாசகி. பொதுவாக இப்படி யாராவது வழிமறித்தால் எனக்கு அன்று முழுக்க நடை மாறிவிடும். எழுதுகிறவர்களின் பலவீனம், என்ன செய்ய?

"உங்கட தாத்தாவத் தேடுறன் எண்டு எழுதினீங்களே... வெள்ளைக்காரன்ட பட்டாளத்தில போய்ச் செத்தவர். அவரிட கல்லறை கிடைச்சதோ?"

"இன்னும் இல்ல" என்றேன். முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னது பாதி உண்மை. கல்லறை கிடைக்கவில்லை. ஆனால் தாத்தா கிடைத்துவிட்டார். இத்தனை நாளாக நான் அதைப் பற்றி எழுதாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. பெயர் சவரிமுத்து. கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார்கள்; போய்ச் சேர்ந்தார். துப்பாக்கி பிடிக்கிற படையில் அல்ல. பாதை போடுவது, பாலம் கட்டுவது, கப்பலில் இருந்து மூட்டை இறக்குவது... அந்தப் படை. எகிப்துக்கு அனுப்பினார்கள். அப்போது அம்மா மூன்று மாதக் குழந்தை.

அவர் திரும்பி வரவில்லை. பாலைவனத்தில் குண்டு விழுந்து இறந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. சீருடையில் அவர் நிற்கிற போட்டோ ஒன்று கூடத்துச் சுவரில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில். சின்ன வயதில் நான் செபம் சொல்லும்போது ஒரு கண்ணால் இயேசுவையும் மறு கண்ணால் தாத்தாவையும் பார்ப்பேன். இரண்டு பேரும் எங்களுக்காக உயிர் கொடுத்தவர்கள் என்று ஒரு நினைப்பு.

அம்மாவின் பெயர் பிலோமினா. வயது எண்பத்து நான்கு. கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் தட்டச்சு வேலையில், ரைப்பிஸ்டாக இருந்தவர். இப்போது என்னோடு வெள்ளவத்தையில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் டீவியில் ஏதோ ஒரு நாட்டுப் போர் மயானத்தைக் காட்டினார்கள். வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பாட பேரும் எங்கயோ ஒரு கல்லில இருக்கும் தானே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். தேடத் தொடங்கினேன். பெருமையோடு தொடங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும். இந்தப் பத்தியில் எழுதவும் செய்தேன். நீங்களும் வாழ்த்தி எழுதினீர்கள்.

முதல் தொல்லை, பெயர். சவரிமுத்து என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? நான் பதினொன்று வரைக்கும் போனேன். போரில் இறந்தவர்களின் பட்டியலை இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். பதினொரு விதமாகவும் அடித்துப் பார்த்தேன். இல்லை.

அப்போதுதான் சிரில் அறிமுகமானார். இரத்மலானையில் இருக்கிறார். சிங்களவர், எழுபது தாண்டியவர், இராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பட்டாளக்காரர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் பதிவுகளைத் தேடிக் கொடுப்பார். சும்மாதான். மனைவி இறந்த பிறகு இதுதான் பொழுது என்றார். தெமட்டகொடையில் தமிழர்களோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வரும்.

"மிஸ், செத்தவங்கட லிஸ்ட்ல பேர் இல்லாட்டி ரெண்டு காரணம் இருக்கும்" என்றார் போனில். "ஒண்டு, ஸ்பெலிங்."

"மற்றது?"

"செத்திருக்க மாட்டார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். எத்தனை பேர் இப்படி ஒரு இடத்தில் நிறுத்தி, சந்தோஷமாக வாழ்கிறார்கள்!

நிறுத்தவில்லை. தாத்தாவின் சேவைக் கோப்பைக் கேட்டு இங்கிலாந்துக்கு விண்ணப்பம் போட்டோம். விண்ணப்பத்தோடு மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டுமாம். அது எங்களிடம் இல்லை. போரில் செத்தவருக்கு நாங்கள் எங்கே போய் எடுப்பது? அவர் எப்படி, எங்கே இறந்தார் என்று அறியத்தானே கோப்பையே கேட்கிறோம்! சிரில் பொறுமையாக விளக்கக் கடிதம் எழுதினார். அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் இணைத்தோம். பதில் வர ஒரு மழைக்காலம் போனது. பிறகு இன்னொன்று.

ஒரு நாள் வந்தது. மின்னஞ்சலில், இருபத்தியொரு பக்கம். எல்லாம் கையெழுத்து, எல்லாம் பட்டாளத்துச் சுருக்கக் குறிகள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. சிரிலுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலை அழைத்தார்.

"மிஸ், வீட்டுக்கு வர ஏலுமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேணாம்."

போனேன். அவருடைய முன் விறாந்தையில் இரண்டு கதிரை, ஒரு மேசை. விமான நிலையம் பக்கம் என்பதால் அவ்வப்போது ஒரு சின்ன விமானம் கூரையை உரசுவது போலப் போகும். பால் சேர்க்காத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். தாள்களைப் பக்கவாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

"தாத்தா எகிப்தில சாகல்ல. குண்டு விழுந்தது சரி. பக்கத்தில நிண்ட ஆக்கள் எல்லாம் செத்துப்போனாங்க. இவருக்குக் காயம் இல்ல. ஆனா அதுக்குப் பிறகு..." தலையைத் தொட்டுக் காட்டினார். "கதைக்க மாட்டார். சாப்பிட மாட்டார். ரெண்டு ஹொஸ்பிட்டல்ல வச்சுப் பார்த்திருக்காங்க. கடைசியா கப்பல்ல ஏத்திட்டாங்க."

"எங்கே?"

"கொழும்புக்கு, மிஸ்."

விமானம் ஒன்று போனது. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

கொழும்பில் பட்டாள ஆஸ்பத்திரி. அங்கே சில மாதம். பிறகு ஊருக்கு வெளியே மனநோயாளர்களுக்கான ஆஸ்பத்திரி. அங்கே பதினொரு வருடம். பிறகு மரணம், நிமோனியாக் காய்ச்சலில். ஆஸ்பத்திரி பட்டாளத்துக்கு எழுதிய கடிதம்தான் கோப்பின் கடைசிப் பக்கம். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை.

"ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. ஏதோ சிரில்தான் சொல்லாமல் விட்டது மாதிரி.

"அனே மிஸ்... சொல்லியிருக்காங்க."

பதினான்காம் பக்கத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கொழும்புப் பட்டாள ஆஸ்பத்திரி டொக்டரின் குறிப்பு. சிரில் விரலை வைத்துக்கொண்டே வர, நான் வாசித்தேன். நோயாளி இப்போது கொஞ்சம் கதைக்கிறார். அமைதியானவர். மனைவிக்கு அறிவிக்கப்பட்டது. மனைவி ஒரு தடவை நேரில் வந்து பார்த்தார். பொறுப்பேற்க மறுத்தார்.

அதற்குக் கீழே ஒரு தனித் தலைப்பு. பிரமைகள்.

"தனக்கு பிலோமினா என்று ஒரு மகள் இருப்பதாக நம்புகிறார். அவளைப் பார்க்கவேண்டும் என்று தினமும் கேட்கிறார். தங்களுக்குக் குழந்தை கிடையாது என மனைவி உறுதிப்படுத்தினார்."

நான் அதை மூன்று தடவை வாசித்தேன்.

தாத்தாவின் பெயரை அந்தக் கோப்பில் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் சரியில்லை. ஆனால் பிலோமினா என்ற பெயர் மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. வெள்ளைக்கார டொக்டருக்குத் தெரிந்த புனிதையின் பெயர். சரியாக எழுதி, வியாதியின் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

எங்கள் அம்மாவை.

அந்த மனைவி, அதாவது என் பாட்டியின் பெயர் லூர்தம்மா. அவர் இறந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. தையல் வேலை செய்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர், யாரிடமும் கை நீட்டாதவர் என்று கொட்டாஞ்சேனையில் இன்றைக்கும் சொல்வார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தோர் தினத்தில் கணவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார். ஒரு வருடம் தவறியதில்லை. அதாவது, பதினொரு வருடம் உயிரோடு இருந்த மனிதருக்கு. ஒரு பஸ் தூரத்தில் இருந்த மனிதருக்கு.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆசிரியர் வெட்டிவிடுவார்.

"மிஸ், அந்தக் காலம்..." என்று சிரில் தொடங்கினார். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். பட்டாளத்தில் செத்தவனின் மகள் என்றால் மரியாதை. பைத்தியக்காரனின் மகள் என்றால்? யார் கட்டுவார்கள்? எந்தக் கம்பனி வேலை கொடுக்கும்? தையல் மெஷினை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு முடிவெடுத்திருக்கிறார். பிள்ளையை ஒளித்துவிட்டார். அதுவும் தகப்பனிடமிருந்து.

மூன்று வாரம் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. அம்மா கேட்டபோதெல்லாம் "சிரில் இன்னும் வாசிக்கிறார்" என்றேன். பிறகு தாங்க முடியாமல், ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதியை மட்டும் சொன்னேன். தாத்தா திரும்பி வந்தார். மனம் சரியில்லாமல் இருந்தார். ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"எப்ப செத்தவர்?"

சொன்னேன். அம்மா வாய்க்குள் கணக்குப் பார்த்தார்.

"அப்ப நான் எட்டு வயசில கோயில்ல புதுநன்மை எடுக்கேக்க இருந்திருக்கிறார்."

"ஓம் அம்மா."

"ஏழாம் வகுப்புக்குப் போகேக்கயும்?"

"ஓம்."

"அம்மாவும் நானும் முழங்கால்ல நிண்டு அவருக்குப் பூசை பாத்த நேரம் எல்லாம்..."

நான் மேசையில் இருந்த பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"கோப்பில என்னைப் பற்றி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

எந்தப் பிள்ளையும் கேட்கிற கேள்விதானே இது. எண்பத்து நான்கு வயதுப் பிள்ளையானாலும்.

"இல்ல" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் பள்ளிக்கூட ரிப்போர்ட்டை ஒளித்த காலத்தில் பார்த்த அதே பார்வை. கையை நீட்டினார்.

"தா."

முப்பது வருடம் கப்பல் கப்டன்களின் கையெழுத்தை வாசித்து ரைப் செய்த மனுஷிக்கு டொக்டரின் கையெழுத்து ஒரு பொருட்டா? பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். உயரம், நிறை, இடது முழங்காலில் தழும்பு... எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே போனார். "தழும்பு இருந்ததோ? எனக்குத் தெரியாது" என்று ஒரு தடவை சொன்னார். பதினான்காம் பக்கத்தில் முணுமுணுப்பு நின்றது.

வெகு நேரம் கண்ணாடி அந்த இடத்திலேயே நின்றது.

"அவர் சரியாத்தானே சொல்லியிருக்கிறார்" என்றார் கடைசியில். "அவருக்கு விசர் இல்ல. எல்லாம் சரியாச் சொல்லியிருக்கிறார்."

பாட்டியை நான் ஏதோ ஏசத் தொடங்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ என்னைக் காப்பாத்தினவ, பிள்ளை. அதில பிழை சொல்ல ஏலாது." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா ஒரு நாளைக்கு என்னட்டச் சொல்லியிருக்கலாம். அவ சாகேக்க எனக்கு நாப்பது வயசு. நீயும் பிறந்திட்டாய். இனி என்ன பயம்? இப்ப கேக்க எங்க போறது?"

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இன்றுவரை அதிலிருந்து நான் எழும்பவில்லை.

"இதைத் திருத்த ஏலாதா?"

"எதை?"

"இந்த வரியை. பிழை தானே? அந்தக் காலத்தில நான் ரைப் பண்ணின கடிதத்தில ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் திருப்பி அனுப்புவாங்கள். இது எவ்வளவு பெரிய பிழை! நான் உயிரோட இருக்கிறன். எழுதிப் போடு."

எழுதினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சுத்தமான கம்பனி ஆங்கிலம். பதினான்காம் பக்கம் தொடர்பாக. நோயாளியின் கூற்று பிரமை அல்ல, உண்மை. குறிப்பிடப்படும் மகள் நானே. சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து திருத்தவும். கீழே அம்மாவின் கையெழுத்து.

பத்து நாளில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். தங்கள் குடும்பத்தின் துயரத்துக்கு வருந்துகிறோம். ஆனால் இவை வரலாற்று ஆவணங்கள். எழுதப்பட்டவாறே பேணப்படவேண்டியவை. எதையும் மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ இயலாது.

அவர்கள் மேல் என்ன குற்றம்? ஒவ்வொருவரும் திருத்தத் தொடங்கினால் வரலாறு என்னவாகும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

அம்மா இரண்டு தடவை வாசித்தார். "நல்ல இங்கிலீஷ்" என்றார். மடித்து, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தார். அன்று இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியாக, புதைத்த இடத்தையாவது பார்ப்போம் என்று சிரில் சொன்னார். அந்தக் காலத்தில் யாரும் கேட்டு வராத உடல்களை அந்த ஆஸ்பத்திரி ஒரு பொது மயானத்தில் புதைத்ததாக விசாரித்து அறிந்திருந்தார். மூன்று பேரும் திரீவீலரில் போனோம். காலை பத்து மணிதான், வெயில் கொளுத்தியது. சிரில் காவலாளியிடம் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். காவலாளி மதிலோரமாக ஒரு பெரிய நிலத்தைக் கையால் வளைத்துக் காட்டினார். பதிவேடு இல்லை. அடையாளம் இல்லை. ஒரே குழியில் மேலே மேலே எத்தனையோ பேரைப் புதைத்தாயிற்று.

சிரில் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா கையில் மெழுகுதிரி. அதை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் அந்தப் புல்லையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சிரிலுக்கும் தெரியவில்லை. பெரிய பெரிய விஷயங்களுக்கெல்லாம் வாராவாரம் இந்த இடத்தில் பதில் சொல்கிறவள் நான். பக்கத்தில் நின்று, மண்ணைப் பார்த்தேன்.

அம்மா மெழுகுதிரியை ஏற்றாமலே திரும்பக் கொண்டுவந்துவிட்டார். திரீவீலரில் தெமட்டகொடை தாண்டும்போது, "அவர் இருக்கேக்க இந்த ரோட்டால நான் எத்தின தரம் போயிருப்பன்" என்றார்.

இப்போதெல்லாம் எல்லோருக்கும் முன்னோரைத் தேடும் ஆசை. அதற்கென்று வெப்சைட், அதற்கென்று இரத்தப் பரிசோதனை. எனக்கும் மடல்கள் வருகின்றன, எப்படித் தேடுவது என்று கேட்டு. சிரிலின் நம்பரைத் தரலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. தேடுவது எப்படி என்று கேட்கிறீர்கள், சரி... கிடைத்தால் என்ன செய்வீர்கள்? நான் இதை யோசிக்கவே இல்லை. அம்மா இப்போது மத்தியானத்தில் தூங்குவதில்லை. கேட்டால், "சும்மா யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்கிறார். தினமும் கேட்கிறார் என்று எழுதியிருந்ததே, அந்தத் தினமும் என்ற சொல்லைத்தான் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கோப்பு வராமல் இருந்திருந்தால் அவர் ஒரு போர்வீரனின் மகளாகவே கண் மூடியிருப்பார். அந்த நிம்மதியைக் கெடுத்தது வெள்ளைக்காரன் இல்லை, லூர்தம்மாவும் இல்லை. நான்தான்.

பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு ஒரே ஒரு வசதி உண்டு. தவறு வந்தால் ஒரு மூலையில் திருத்தம் போடலாம். யார் வாசிப்பார்கள் என்பது வேறு விஷயம்; நாளைக்கு இந்தத் தாளில் வடை சுற்றுவார்கள். வாசிக்கவேண்டிய டொக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. இருந்தாலும் போடுகிறேன்.

பதினான்காம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்: அவருக்கு ஒரு மகள் உண்டு. பெயர் பிலோமினா. வெள்ளவத்தையில் இருக்கிறார்.